இடது காதில் கேட்டது

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்குச் செய்தி வந்தது. விதைப் பரிசோதனைக் கூடத்தில் ஈரக் காகிதத்தின் மேல் முளைவிட்டிருந்த சோள விதைகளை இடுக்கியால் பிரித்துக்கொண்டிருந்தேன். முளைத்தது இந்தப் பக்கம், முளைக்காதது அந்தப் பக்கம். மேசை மேலிருந்த கைப்பேசி அதிர்ந்துகொண்டே நகர்ந்து தட்டில் முட்டி நின்றது. அக்கா வீட்டுக்கு வழக்கமாக வரும் எலக்ட்ரீஷியன்.

"அம்மா, உங்க அக்கா கதவைத் திறக்க மாட்டேங்கறாங்க. ஜன்னல் பக்கத்துல ஒரு பிளக் பாயின்ட் வேணும், பத்து மணிக்கு வாங்கன்னு சொன்னாங்க. உள்ள ரேடியோ ஓடுது. பெல் அடிச்சு அடிச்சு என் விரலே தேஞ்சு போச்சு."

"குளிச்சிட்டு இருப்பா. கொஞ்சம் இருங்க."

"ஒரு மணி நேரமாவாம்மா குளிப்பாங்க?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் அவர் குரலே இறங்கிவிட்டது. "சாவி இருந்தா எடுத்துட்டு வந்துடுங்கம்மா."

கதவைத் திறந்தது பிறகு. டாக்டர் வந்து சொன்னது அதற்கும் பிறகு. ஆனால் எனக்குச் செய்தி வந்த நேரம் அதுதான்.

அக்கா ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் முக்காலி. மடியில் ஜன்னல் திரையின் ஒரு பகுதி. "இதயம்தான். ரொம்ப நேரம் கஷ்டப்பட்டிருக்க மாட்டாங்க" என்றார் டாக்டர். எலக்ட்ரீஷியன்தான் ரேடியோவை அணைத்தார். அதற்குக்கூட எனக்குக் கை எழவில்லை.

மறுநாள் செய்தித்தாள்களில் அவள் படம் வந்தது. நீலக் கரை போட்ட கறுப்பு அங்கி, கழுத்தில் வெள்ளைப் பட்டை. பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி, இன்னின்ன பதவிகளை வகித்தவர், அப்பழுக்கற்றவர். அந்தக் கடைசிச் சொல்லைப் படித்ததும் என் முகம் சூடாகிவிட்டது. துக்கம் கேட்க வந்தவர்கள் அதையே சொன்னார்கள். ஒவ்வொருவருக்கும் நான் தலையாட்டினேன்.

வியாழக்கிழமை அவள் ஒரு வாக்குமூலம் கொடுப்பதாக இருந்தது. வாழ்நாளெல்லாம் பிறரிடம் வாக்குமூலம் கேட்டவள். கொடுக்க இருந்தது அதுதான் முதல் தடவை. அது எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. வந்திருக்க வேண்டியது அதுதான்.

எங்கள் அம்மா நகர நீதிமன்றத்தில் தட்டச்சர். நீதிபதிகள் சொல்லச் சொல்லத் தீர்ப்புகளைத் தட்டிக்கொடுப்பது அவள் வேலை. பள்ளி விட்டதும் அக்கா நேரே அங்கே போய் அம்மாவின் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். எல்லாரும் இதைத்தான் அவள் சட்டம் படித்ததற்குக் காரணமாகச் சொல்வார்கள். எங்கள் வீட்டுக் கணக்குப்படி காரணம் வேறு.

எனக்கு ஐந்து வயது, அவளுக்குப் பன்னிரண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டே, "நாங்க சினிமாவுக்குப் போறோம், சமத்தா வீட்ல இருங்க" என்றாள். நாங்க என்றால் அம்மாவும் அப்பாவும். நான் ஊரைக் கூட்டினேன். அக்கா அம்மாவுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் போய் நின்றாள்.

"எதுக்கு இவளை விட்டுட்டுப் போறீங்க?"

"இருட்டுல பயந்து அழுவாடி."

"இப்ப வெளிச்சத்துலயே அழறாளே."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, என்னதான் பண்ணச் சொல்ற?"

"'நாங்க'ன்னு சொல்லாத. 'நாம'ன்னு சொல்லு. நாலு பேரும் போகலாம்."

போனோம். இருட்டில் நான் பயந்து அழவும் செய்தேன். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் நின்றார். அன்றிலிருந்து அக்காவுக்கு அவர் வைத்த பெயர் 'தீர்ப்பு'. "தீர்ப்பு சாப்பிட்டாச்சா?" என்பார். "உன் தீர்ப்பால நான் பாதிப் படம்தான்டி பாத்தேன்" என்று அவள் உயர் நீதிமன்றத்துக்குப் போன நாளிலும் சொன்னார்.

முதலில் அவள் ஒரு சிறிய ஊரில் குற்றவியல் நடுவராக உட்கார்ந்தாள். சைக்கிள் திருட்டு, குடித்துவிட்டுச் சண்டை, பக்கத்து வீட்டு மரக்கிளை. ஒவ்வொரு விசாரணையின் முடிவிலும், வக்கீல்கள் கோப்பைக் கட்டத் தொடங்கிய பிறகு, கூண்டில் நிற்பவரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பாள்: "வேற ஏதாச்சும் சொல்லணுமா?" ஒரு தடவை ஜேப்படி வழக்கில் பிடிபட்டவன் தலையைச் சொறிந்துவிட்டு, "வேற ஒண்ணுமில்லீங்கம்மா. நான் எடுத்த பர்சுல காசே இல்ல. இவரு எங்கயோ சீட்டாடித் தொலைச்சிட்டு, வீட்டம்மாவுக்குப் பயந்து என் தலையில கட்டறாரு" என்றான். புகார் கொடுத்தவர் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்து நீதிமன்றமே சிரித்ததாம். அவன் சொன்னது உண்மைதான். பர்சை எடுத்ததற்குத் தண்டனை கொடுத்தாள். இல்லாத பணத்துக்குக் கொடுக்கவில்லை.

அந்தக் கேள்வியால் தினமும் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகும். ஊழியர்கள் முதுகுக்குப் பின்னால் அவளுக்கு 'வேற ஏதாச்சும் மேடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவளுக்குத் தெரியும், பிடிக்கவும் செய்யும். மாவட்ட நீதிமன்றம், உயர் நீதிமன்றம் என்று ஏறிய போதெல்லாம் அந்தக் கேள்வியும் கூடவே ஏறியது. பன்னாட்டு நீதிமன்றத்துக்குத் தேர்வானபோது விமான நிலையத்தில் வைத்து நான் கேட்டேன்: "உன் கேள்விக்கு அங்க விசா குடுப்பாங்களா?"

"அதைக் கைப்பையில வெச்சிருக்கேன்டி. சோதனைல பிடிபடாது" என்றாள்.

அங்கே எல்லாமே கண்ணாடி. நீதிபதிகள் மூவரும் உயரத்தில் ஒரே மேசையில். பக்கவாட்டுச் சுவரில் கண்ணாடி அறைகள். அவற்றுக்குள் இருவர் இருவராக மொழிபெயர்ப்பாளர்கள். அரை மணிக்கொரு முறை ஆள் மாறுவார்கள். யார் எந்த மொழியில் பேசினாலும் நீதிமன்ற மொழி ஹெட்போன் வழியாக வந்துவிடும். எங்கள் மொழி பேசும் சாட்சிகள் வந்தால் மட்டும் அக்கா ஹெட்போனின் இடது பக்கத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளிக்கொள்வாள். "இடது காதுல அசல், வலது காதுல நகல்" என்பாள்.

முதல் வருடம் ஒரு நாள் மொழிபெயர்ப்பில் ஒரு பிழை காதில் விழ, ஒலிவாங்கியின் பொத்தானை அழுத்தித் திருத்தியிருக்கிறாள். அன்று தேநீர் இடைவேளையில் அமர்வின் தலைவர் கோப்பையில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே, "நாளை முதல் உங்கள் நாற்காலியை அந்தக் கண்ணாடி அறைக்குள் போட்டுவிடலாமா?" என்று கேட்டாராம். பேச்சு பூப்போல இருந்ததாம், மரியாதைக்கும் குறைச்சல் இல்லையாம். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். விடுமுறையில் வந்தபோது இதை எனக்கு நகைச்சுவையாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லும்போது கழுத்துச் சங்கிலியைச் சுண்டுவிரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். உறைத்தது என்றால் அவள் செய்வது அது.

லாரிக்காரரின் வழக்கு அதற்குப் பிறகு வந்தது. அவருடைய நாடு வேறு. ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கத்திலும் பேச்சு ஒன்றுதான். அங்கே நடந்த சண்டையில், ஆற்றங்கரைக் குடியிருப்பு ஒன்றிலிருந்து ஆட்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு போய் மூடிக்கிடந்த சிமென்ட் கிடங்கில் வைத்துக் கொன்றார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் இருந்தார்கள். கொன்ற படையின் தளபதி பிறகு சண்டையிலேயே செத்துப்போனான். லாரிகளை வாடகைக்குக் கொடுத்தவர் மட்டும் அகப்பட்டார். முகாமுக்கு மாற்றப் போகிறோம் என்று சொல்லித்தான் வண்டி கேட்டார்கள், எனக்கு வேறொன்றும் தெரியாது என்பது அவர் கட்சி. தெரியும் என்பதற்கு குற்றம் சாட்டிய தரப்பிடம் இருந்தது ஒரு தொலைபேசிப் பதிவு. காரியம் முடிந்த பின் தளபதி அவரிடம் பேசியது:

"நாங்க வேலைய முடிச்சிட்டோம். வண்டிய எல்லாம் கழுவி வெச்சாச்சு. காலையில டிரைவர்களை அனுப்புங்க."

நாங்க. கேட்கிறவர் அதில் இல்லை. எங்கள் மொழி பேசும் ஐந்து வயதுக் குழந்தைக்கும் இது தெரியும். தெரிந்துதான் நான் அன்று அழுதேன். ஆனால் நீதிமன்ற மொழியில் நாமுக்கும் நாங்களுக்கும் ஒரே சொல். 'நாம் முடித்துவிட்டோம்' என்று எழுத்தில் ஏறியது. நீங்களும் நானும் சேர்ந்து முடித்துவிட்டோம் என்று குற்றம் சாட்டிய தரப்பு வக்கீல் அதற்குப் பொருள் சொன்னார்.

லாரிக்காரர் சாட்சி சொல்ல வந்த அன்று அவருடைய வக்கீல் அந்தத் தொலைபேசிப் பேச்சைப் பற்றிக் கேட்டார். வக்கீலுக்கும் எங்கள் மொழி தெரியாது. லாரிக்காரர் முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"ஐயா, அவரு 'நாம'ன்னு சொல்லலீங்க. 'நாங்க'ன்னுதான் சொன்னாரு."

இது அக்காவின் இடது காதில். அரை மணி நேரம் இடைவிடாமல் பேசிக் களைத்திருந்த மொழிபெயர்ப்பாளரின் குரல் வலது காதில் வந்தது:

"அவர் 'நாம்' என்று சொல்லவில்லை. 'நாம்' என்றுதான் சொன்னார்."

நீதிமன்றம் சிரித்தது. அமர்வின் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குற்றம் சாட்டிய தரப்பு வக்கீல் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிவிட்டு உட்கார்ந்தார். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று விளங்காத ஒரே ஆள் லாரிக்காரர். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்து அக்காவின் முகத்தில் நின்றார். அக்காவும் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்துச் சற்றே தலை குனிந்தார்.

அவள் விரல் ஒலிவாங்கியின் பொத்தான் மேல் இருந்தது. அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும். மொத்த அறையும் திரும்பிப் பார்க்கும். நீளமாக எதுவும் பேச வேண்டியதில்லை. வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டால் போதும். மற்றதை அந்த மனிதரே சொல்லியிருப்பார். பொத்தானை அவள் அழுத்தவில்லை. வக்கீல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

தீர்ப்பில் அந்தத் தொலைபேசிப் பேச்சைப் பற்றிய பகுதியை எழுதும் வேலை, மொழி தெரிந்தவள் என்பதால், அவளுக்கே வந்தது. அவள் எழுதினாள். 'நாம் என்ற சொல் சந்தேகத்துக்கு இடம் தரவில்லை' என்பது அவளுடைய வாக்கியம். மூன்று கையெழுத்தும் ஒரே பக்கம் விழுந்தன. லாரிக்காரருக்குப் பதினான்கு வருடம். மேல்முறையீட்டில் தாளைத்தான் பார்த்தார்கள். தாளில் நாம் என்றுதான் இருந்தது.

இதில் ஒன்றுகூட அப்போது எனக்குத் தெரியாது. பதவிக்காலம் முடிந்து திரும்பி வந்து, என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி மாடிக் குடியிருப்பு ஒன்றில் இருக்கத் தொடங்கினாள். சட்டக் கல்லூரியில் கூப்பிட்டு மாலை போட்டார்கள். பாதிப் பேச்சில் எழுந்து வந்துவிட்டாள். தலைசுற்றல் என்றாள்.

நான் கவனித்தது ஒன்றே ஒன்று. அவள் பேச்சிலிருந்து இரண்டு சொற்கள் காணாமல்போயிருந்தன. 'நாம சாப்பிடலாமா' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'சாப்பாடு ஆகட்டுமா' என்பாள். 'நாங்க அப்பவே கிளம்பிட்டோம்' என்பதை 'அப்பவே கிளம்பியாச்சு' என்பாள். ஒரு நாள் என் கணவர், "அக்கா பேசறது ரயில்வே அறிவிப்பு மாதிரியே இருக்கே" என்று கேலி செய்தார். அவள் சங்கிலியைச் சுண்டுவிரலில் சுற்றத் தொடங்கினாள். பேச்சை மாற்றிவிட்டேன்.

மூன்று மாதங்களுக்கு முன்பு, மழை பிடித்துக்கொண்ட ஒரு காலை, ஒரு பெண் அவள் வீட்டு அழைப்பு மணியை அடித்தாள். நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன். முப்பத்தைந்து வயதிருக்கும். குடையை வாசலிலேயே சாய்த்து வைத்துவிட்டு, செருப்பை எங்கே விடுவது என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள வாம்மா. டீ குடிக்கறியா?" என்றாள் அக்கா.

"வேண்டாம் மேடம். நான் நர்ஸ். நைட் டூட்டி முடிச்சு பஸ் ஏறினவ நேரா வரேன். டீ குடிச்சா தூக்கம் போயிடும்."

"அப்ப தூங்கறதுக்கா வந்த?"

அந்தப் பெண் சிரித்தாள். சிரித்துவிட்டு, தான் யாருடைய மகள் என்று சொன்னாள். அக்கா நின்ற இடத்திலேயே உட்கார நாற்காலியைத் தேடினாள்.

"திட்ட வரல மேடம். திட்டறதா இருந்தா போன்லயே திட்டியிருப்பேன், பஸ் அலைச்சலாவது மிச்சம். அப்பாவை ஜெயில்ல பாத்துட்டு வந்தேன். உங்களைப் பத்திச் சொன்னாரு. 'மேல உக்காந்திருந்ததுல ஒரு அம்மா, நம்ம பேச்சு தெரிஞ்சவங்க. நாம இல்ல, நாங்கன்னு நான் சொன்னதும் எல்லாரும் சிரிச்சாங்க. எதுக்குச் சிரிச்சாங்கன்னே தெரியல. ஆனா அந்த அம்மா சிரிச்சது வேற. அவங்களுக்குப் புரிஞ்சுபோச்சு. அப்பாடான்னு இருந்துச்சு'ன்னாரு. அப்புறம் இடைவேளைல வக்கீல் அதை மறுபடி கேக்கட்டுமான்னு கேட்டிருக்காரு. அப்பாதான் வேண்டாம்னுட்டாராம். 'அந்த அம்மாவுக்குப் புரிஞ்சிடுச்சு, விடுங்க'ன்னு."

நான் கையில் இருந்த துணியை மடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

"அதான் கேக்க வந்தேன்" என்றாள் அவள். "உங்களுக்குப் புரிஞ்சுதா, இல்லையா?"

"புரிஞ்சுது."

"அப்புறம் ஏன் மேடம்?"

அக்கா எத்தனையோ பக்கம் தீர்ப்பு எழுதியவள். காரணங்களை அடுக்கத் தெரியாதவள் இல்லை. "எல்லாரும் சிரிச்சாங்க" என்றாள். "நானும் சிரிச்சேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா."

அந்தப் பெண் தண்ணீர் கேட்டாள். கொண்டுவந்து கொடுத்தேன். முழுக் குவளையையும் குடித்துவிட்டுச் சொன்னாள்: "எங்கப்பா ரொம்ப நல்லவர்னு நான் சொல்ல மாட்டேன். கழுவி வெச்ச வண்டியைப் பாத்ததும் அவருக்குச் சந்தேகம் வந்திருக்கணும். நானே கேட்டிருக்கேன். பதிலே சொல்ல மாட்டேங்கறாரு. ஜெயில்ல இருக்க வேண்டியவர்தானோ என்னமோ. ஆனா அவர் சொன்னது ஒண்ணு, நீங்க எழுதினது ஒண்ணு. அதை மட்டும் சரி பண்ணிக் குடுங்க. பழைய வழக்கைத் திரும்ப எடுக்கச் சொல்லி மனு போட ஒரு வக்கீல் கிடைச்சிருக்காரு. நம்ம பேச்சு தெரிஞ்சவங்க ஆயிரம் பேர் சாட்சி சொல்லலாம், கேக்க மாட்டாங்களாம். அன்னைக்கு அந்த மேசைல உக்காந்திருந்தவங்க சொன்னா கேட்டே ஆகணுமாம்."

அவள் போன பிறகுதான் அக்கா எனக்கு எல்லாவற்றையும் சொன்னாள். மொழிபெயர்ப்பாளர் சொன்ன வாக்கியத்துக்கு வந்தபோது, என்னை அறியாமல் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டேன்.

"பாத்தியா" என்றாள். "உனக்கும் வருது."

நீதிபதிகள் தங்களுக்குள் பேசியதை வெளியே சொல்லக் கூடாது. திறந்த மன்றத்தில் காதில் விழுந்ததைச் சொல்லலாம். விதிகளைப் பல நாள் படித்து இதை முடிவு செய்துகொண்டாள். என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வாய் திறக்காத நீதிபதி என்று எழுதுவார்கள். அவள் கொடுத்த மற்றத் தீர்ப்புகளையும் கிளறுவார்கள்.

"உன் ஆபீஸ்லயும் கேப்பாங்கடி."

"கேக்கட்டும். எங்க தட்டுல முளைச்சது இந்தப் பக்கம், முளைக்காதது அந்தப் பக்கம். நடுவுல வைக்க இடமில்லன்னு சொல்லிக்கறேன்."

வாக்குமூலத்தை முன்கூட்டி எழுதிப் பார்க்கும் வேலை அவளைப் பாடாய்ப் படுத்தியது. இரண்டு சொற்கள் இல்லாத மொழியில் அந்த இரண்டு சொற்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேட்பவரைச் சேர்த்துக்கொள்ளும் நாம், கேட்பவரை வெளியே நிறுத்தும் நாம் என்று எழுதுவாள். இலக்கணப் பாடம் மாதிரி இருக்கிறது என்று கிழிப்பாள். கடைசியில் நான்தான் சொன்னேன்.

"அம்மா சினிமாவுக்குப் போன கதையச் சொல்லேன்."

"கோர்ட்ல போய் அம்மா கதையா?"

"உன் முதல் கேஸ் அதுதானேக்கா."

புதுத் தாள் ஒன்றை எடுத்தாள். பிறகு அதை எழுதினாள். நீதிமன்ற மொழியில் எழுதி எனக்கு வாசித்துக் காட்டினாள். ஐந்து வயதுக் குழந்தை அழுத இடத்தில் எந்த மொழிக்காரருக்கும் விஷயம் புரிந்துவிடும் என்று தோன்றியது.

வியாழக்கிழமை மூன்று மணி என்று குறித்தார்கள். இங்கேயிருந்தே காணொளியில் சத்தியம் செய்து பேசலாம். நீதிமன்ற அதிகாரி சில நிபந்தனைகள் சொல்லியிருந்தார். முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும். பின்னால் படமோ பூ வேலைப்பாடோ இருக்கக் கூடாது. ஒரு விளக்கு வைக்கலாம் என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டாள். அந்த விளக்குக்குத் தோதான இடத்தில் உட்கார்ந்தால் பின்னால் ஜன்னல் வந்தது. ஜன்னலில் பெரிய பெரிய பூப் போட்ட திரை. "நாளைக்குச் சாயந்திரம் வந்து நானே கழட்டித் தரேன், முக்காலி மேல ஏறாத" என்று திங்கட்கிழமை சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கதவருகில் நான் செருப்பு போட்டுக்கொண்டிருந்தபோது நர்ஸ் தொலைபேசியில் கூப்பிட்டாள். அக்கா பேசியது எனக்குக் கேட்டது.

"ஒண்ணும் பயப்படாத. வியாழக்கிழமை நாம பேசிடலாம்மா."

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் சங்கிலியைத் தொடவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம், உடலைக் கொண்டுபோக ஆட்கள் வருவதற்கு முன்பு, நான்தான் நர்ஸுக்குத் தொலைபேசி செய்தேன். சொன்னேன். அந்தப் பக்கம் கட்டிலைத் தள்ளும் சத்தம், யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம்.

"அம்மா" என்றாள். "சொல்லிட்டாங்களா அவங்க?"

"இல்லம்மா. வியாழக்கிழமைதானே."

"ஆமா. வியாழக்கிழமைதான்."

அதற்கு மேல் அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். யாருக்காக, எதற்காக என்று தெரியாமல் நின்றேன். அவளே பேசினாள்.

"கூட யாராச்சும் இருக்காங்களா உங்களுக்கு? காலையிலேருந்து ஏதாவது சாப்டீங்களா?"

அந்தக் கேள்விக்குத்தான் நான் அழுதேன். அவளிடம் போய் அழுகிறோமே என்று கூசிப்போய், வாயை மூடிக்கொண்டு அழுதேன்.

அக்கா எழுதி வைத்ததை நீதிமன்றத்துக்கு அனுப்பினோம். அதிகாரி வருத்தம் தெரிவித்துப் பதில் எழுதினார். சத்தியம் செய்யாமல் சொன்னது சாட்சியம் ஆகாது. வியாழக்கிழமை அமர்வு ரத்து செய்யப்படுகிறது. லாரிக்காரரிடம் மகள் போய்ச் சொன்னாளாம். "அந்த அம்மா சொல்லத்தானே இருந்தாங்க" என்றாராம். எங்கள் அக்காவைப் பற்றி அவர் இன்னமும் நல்லபடியாகவே நினைக்கிறார். செய்தித்தாள் நினைப்பதைவிட அதைத் தாங்குவதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

வீட்டைக் காலி செய்து கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். புத்தகங்களைக் கல்லூரிக்குக் கொடுத்தாயிற்று. அங்கியையும் கேட்டார்கள், கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டுமாம். பிறகு பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஜன்னலுக்கு மட்டும் இன்னும் போகவில்லை. அன்று எலக்ட்ரீஷியன் அவள் மடியிலிருந்து திரையை மெதுவாக எடுத்து நாற்காலியின் கைப்பிடி மேல் போட்டார். அது அப்படியே இருக்கிறது. அவள் இடது ஓரத்திலிருந்து தொடங்கியிருக்கிறாள். பாதித் திரை நாற்காலி மேல் கிடக்கிறது. வலது பக்கத்து வளையங்கள் இன்னும் கம்பியிலேயே இருக்கின்றன.